டேல்டோவின் சாட்சிக்கற்கள்

அஸ்லாக் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது போன வருஷம் ஏப்ரலில் என்று ஊரில் சொல்வார்கள். தப்பு. சந்தேகம் எப்போதும் இருந்தது. ஏப்ரலில் அதற்குக் கை கால் முளைத்தது, அவ்வளவுதான்.

காலை ஏழு மணி. குட்டி போட்ட ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னலோரம் காபியோடு நின்றேன். எங்கள் இரண்டு பண்ணைகளுக்கும் நடுவே இடுப்புயரத்துக்கு ஓர் எல்லைக்கல் நிற்கிறது. அதன் பக்கத்தில் அஸ்லாக். கையில் கடப்பாரை. கல்லின் அடியில் அதைச் செருகினான். ஒரு தடவை என் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு உடம்பின் முழு எடையையும் போட்டு அழுத்தினான். கல் அசைந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திருடனிடம் போய்த் திருடுகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றா சொல்வான்? நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தேன்.

எங்கள் இருவருக்கும் குடும்பப் பெயர் ஒன்றுதான். டேல்டோ. அதனால் உறவு என்று நினைத்துவிட வேண்டாம். நார்வேயில், அதுவும் மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து கிடக்கும் எங்கள் ஃபியோர்டில், பெயர் மண்ணோடு ஒட்டியது. எந்தப் பண்ணையில் குடியேறுகிறோமோ அந்தப் பண்ணையின் பெயர் நமக்கு. டேல்டோ என்ற பெரிய பண்ணை இருநூறு வருஷத்துக்கு முன் இரண்டாக உடைந்தது. மேற்குப் பாதியில் நாங்கள், ஏழு தலைமுறையாக. கிழக்குப் பாதியை அஸ்லாக்கின் அப்பா மிக்கேல் வடக்கே எங்கிருந்தோ வந்து வாங்கினார். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மறுநாள் அவரும் டேல்டோ ஆகிவிட்டார். என் பெயர் ரத்தத்தில் வந்தது, அவன் பெயர் பத்திரத்தில் வந்தது. இதை நான் ஒளித்து வைத்ததில்லை. அஸ்லாக்கின் காதுபடவே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

முப்பத்தோரு வருஷம் ஊர் நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். பெயர் என்று வந்துவிட்டால் எனக்குப் பைத்தியம். மாவட்ட ஆண்டு மலரில் எங்கள் பெயரைப் பற்றிப் பதினான்கு பக்கக் கட்டுரை எழுதினேன். படித்தவர்கள் நான்கு பேர், அதில் இருவர் அச்சுப் பிழை திருத்தியவர்கள். பரவாயில்லை. டேல்ட் என்பது பழைய சொல். பங்கு என்று பொருள். பங்கைப் பிரிக்கும் கோட்டுக்கும் அதே சொல்தான். டேலா என்றால் பிரிப்பது, பகிர்வது. அதே டேலாவுக்குச் சண்டை போடுவது, வழக்காடுவது என்றும் பொருள் இருந்தது. சொத்துப் பிரித்த அனுபவம் உள்ளவர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஜெர்மானியரின் டைல், ஆங்கிலேயரின் டீல் எல்லாம் இந்தச் சொல்லின் தாயாதிகள். ஒரே வீட்டில் பிறந்து ஆளுக்கொரு பக்கம் போனவை.

இந்தச் சொல் குடும்பத்தில் இன்னொரு சொல் உண்டு. டேல்டகாஸ்ட். எல்லைப்பேய் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லைக்கல்லைத் திருட்டுத்தனமாக நகர்த்தியவன் செத்த பிறகும் அடங்க மாட்டான். அந்தக் கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, "எங்கே வைப்பேன், எங்கே வைப்பேன்" என்று கத்தியபடி திரிவான். யாராவது துணிந்து, "எடுத்த இடத்தில் வை" என்று சொன்னால்தான் அவனுக்கு விடுதலை. சின்ன வயதில் இந்தக் கதை எனக்குப் பயமாக இருந்ததே இல்லை. நம் ஆட்கள் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்ற நிச்சயம்தான்.

என் கட்டுரையின் பத்தாம் பக்கத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. எல்லைக்கல்லைத் தாண்டி, அஸ்லாக்கின் பக்கம் ஒன்பது மீட்டர் தள்ளி, ஓர் ஓடை ஓடுகிறது. அதன் பெயர் டேல்டேக்ரோவி. எல்லை ஓடை. எல்லையில் ஓடாத ஓடைக்கு யார் அப்படிப் பெயர் வைப்பார்கள்? எழுதியபோது எனக்கே அது உறைக்கவில்லை. கடப்பாரையைப் பார்த்த அன்று உறைத்தது. உண்மையான எல்லை ஓடைதான். கல் ஓடைக்கரையில் நின்றிருக்க வேண்டும். அப்பனும் மகனுமாக வருஷத்துக்கு ஒரு சாண் என்று என் பக்கம் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஒன்பது மீட்டர் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். விட முடியாத நிலைமை. என் மகள் சுன்னிவா பேர்கன் நகரத்தில் எலெக்ட்ரீஷியன். கணவன், இரண்டு பெண் குழந்தைகள். பண்ணையை எடுத்து நடத்த வருகிறேன் என்று அவளாகவே சொன்னாள். எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவள் வராவிட்டால் அந்த இலையுதிர் காலத்தோடு ஆடுகளை விற்றுவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

"ஆனா உன்கூட ஒரே சமையலறையில இருக்க மாட்டேம்மா. ஒரு மாசத்துல நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜெயிலுக்குப் போயிடுவோம்," என்றாள். "தனியா சின்னதா ஒரு வீடு கட்டிக்கறேன்."

எங்கே கட்டுவது? எங்கள் நிலம் முக்கால்வாசி சரிவு. மலைச்சரிவு அபாயம் என்று நகராட்சி வரைபடத்தில் சிவப்பு அடித்து வைத்திருக்கிறார்கள். சமதளம் என்று இருப்பது எல்லைக்கல்லை ஒட்டிய துண்டு மட்டும்தான். அயலார் எல்லையிலிருந்து நான்கு மீட்டர் விட்டுக் கட்ட வேண்டும் என்பது சட்டம். சுன்னிவா வரைந்த வீட்டை வைத்துப் பார்த்தால் இரண்டு மீட்டர்தான் மிஞ்சியது. அந்த இரண்டு மீட்டரில் என் மகள் வருவதும் வராததும் தொங்கிக்கொண்டிருந்தது. கல் ஓடைக்கரைக்குப் போய்விட்டால் இரண்டு வீடுகூடக் கட்டலாம். அஸ்லாக்குக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவனுக்கு எதற்கு அந்த நிலம்? பேர்கன்காரர்களுக்கு விடுமுறைக் குடில் கட்ட விற்கத்தான் என்று முடிவு கட்டினேன்.

நகராட்சிக்கு எழுதிப் போட்டேன். எல்லையை அளந்து கொடுங்கள், கல் நகர்த்தப்பட்டிருக்கிறது, சாட்சிக்கற்களைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் எல்லைக்கல் நடும்போது ஒரு பலகைக்கல்லை எடுத்து மூன்றாக உடைப்பார்கள். அந்த மூன்று துண்டுகளையும் மக்காத கரியோடு சேர்த்துக் கல்லின் காலடியில் புதைப்பார்கள். அவைதான் சாட்சிகள். பின்னால் சண்டை வந்தால் தோண்டிப் பார்த்து, துண்டுகளை ஒட்ட வைப்பார்கள். உடைந்த விளிம்புகள் பொருந்தினால் கல் உண்மையான கல். சாட்சி இல்லாத கல் நகர்ந்த கல். மேலே நிற்கிற கல்லை யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம். கீழே புதைந்திருக்கிற மூன்று துண்டுகளை எவனும் நினைத்துப் பார்ப்பதில்லை.

கூட்டுறவுக் கடையில் ரொட்டி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டுக் காபி வைத்திருப்பார்கள். ஓய்வு பெற்றவர்களின் பாராளுமன்றம். ஒரு சனிக்கிழமை அங்கே நான் வேண்டுமென்றே உரக்கப் பேசினேன்.

"எல்லைக்கல்லை நகர்த்தினவன் செத்தப்புறம் என்ன ஆவான்னு தெரியும்ல?"

"யாரைச் சொல்றே குன்வோர்?" என்றார் லைஃப். நாற்பது வருஷம் படகுத்துறையில் கயிறு பிடித்தவர்.

"பேர் வேற சொல்லணுமா? இந்த ஊர்ல இருக்கிறதே ரெண்டு டேல்டோ. அதுல ஒண்ணு நான்."

ரொட்டி அலமாரியின் அந்தப் பக்கத்திலிருந்து அஸ்லாக் தலையை நீட்டினான். அவன் அங்கே நிற்பது எனக்கு முன்னமே தெரியும்.

"நான் செத்தா உனக்குத்தான் கஷ்டம், குன்வோர்," என்றான். "உன் ஜன்னலுக்குக் கீழேயே நின்னு கத்துவேன். உனக்கோ ஏற்கெனவே தூக்கம் கம்மி."

மேஜையே சிரித்தது. எனக்குக் காது மடல் சூடானது.

"சிரி, நல்லா சிரி. பதினாறாம் தேதி அளக்கிறவங்க வர்றாங்க. சாட்சியைத் தோண்டப் போறோம்."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கிப் போனது. ரொட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தான். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அளக்கட்டும். தோண்ட வேண்டாம்."

"ஏன்?"

"சும்மாதான் சொல்றேன். தோண்டாதே குன்வோர்."

இதைவிட வேறென்ன வாக்குமூலம் வேண்டும்? அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. சுன்னிவா சனி ஞாயிறுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். கார் ஏற்றி வரும் படகு வந்து ஒரு மணி நேரமாகியும் ஆள் வரவில்லை. ஜன்னலில் பார்த்தால் அவளுடைய பச்சைக் கார் அஸ்லாக்கின் முற்றத்தில் நிற்கிறது. என் சொந்த மகள், நேராக அவன் வீட்டுக்கு.

"ஒரு காபி குடிச்சேன், அவ்வளவுதான்," என்றாள் வந்ததும்.

"ஒரு மணி நேரமா ஒரு காபியா?"

"சூடா இருந்துச்சு."

"என்ன சொன்னான்?"

"உன்னை விசாரிச்சாரு. அம்மா, அந்தத் தோண்டற வேலையை விட்டுடேன். வேற வழி இருக்கு."

"என்ன வழி?"

"அப்புறம் சொல்றேன். அளந்து முடிக்கட்டும்." கண்ணைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

என்ன சொல்லி மயக்கினான்? குடிலில் பங்கா? அவளைப் பெற்ற எனக்குத் தெரியாத வழி எதிர்வீட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் அவள் பை கூடத்தில் இருந்தபோது திறந்து பார்க்கக் கை துடித்தது. திறக்கவில்லை. திறந்திருந்தால் பல சங்கடங்கள் மிச்சமாகியிருக்கும்.

பதினாறாம் தேதி வந்தது. பிளம் மரங்கள் வெள்ளையாகப் பூத்து நின்றன. நகராட்சியிலிருந்து ரெய்டுன் என்ற பெண் மஞ்சள் சட்டையும் அளவுக்கம்பமுமாக வந்தாள். அஸ்லாக் தேய்த்த சட்டை போட்டு, தலைமுடியை நனைத்து வாரிக்கொண்டு வந்தான். சவ அடக்கத்துக்கு வந்தவன் மாதிரி இருந்தது அவன் முகம். சுன்னிவா வேலியில் சாய்ந்து நின்று நகத்தைக் கடித்தாள்.

"நடைமுறையைச் சொல்லிடறேன்," என்றாள் ரெய்டுன். "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா, கல் இருக்கிற இடத்தையே எல்லைன்னு எழுதிட்டுப் போயிடலாம். தோண்டித்தான் ஆகணும்னு இல்ல."

"எனக்குச் சம்மதம்," என்றான் அஸ்லாக் உடனே.

"சம்மதமா இல்லாம என்ன செய்யும்?" என்றேன். "எனக்குச் சம்மதம் இல்ல. இந்த ஓடையோட பேரைப் பாருங்க. எல்லை ஓடை. எங்க பேரே இந்த எல்லையை வச்சு வந்தது. ஏழு தலைமுறையா..."

"ஓடை மேலே காட்டுப் பகுதியில எல்லையா இருக்குங்க. எங்க வரைபடத்துலயே இருக்கு," என்றாள் ரெய்டுன். "கீழே வயலுக்கு வந்தப்புறம் கல்தான் எல்லை."

"எந்தக் கல்லு? நின்ன கல்லா, நகர்ந்த கல்லா? தோண்டுங்க."

"அம்மா, விட்டுடேன்," என்றாள் சுன்னிவா.

"நீ சும்மா இரு. நீ யார் வீட்ல காபி குடிச்சேன்னு எனக்குத் தெரியும்."

தோண்டினார்கள். கல்லைச் சங்கிலி போட்டு டிராக்டரில் சாய்த்து, அதன் காலடியில் முழங்கை ஆழத்துக்கு மண்ணை அள்ளினோம். சரளை. இன்னும் சரளை. ஒரு மண்புழு. சாட்சி இல்லை.

"பார்த்தீங்களா!" என்று கத்தினேன். என் குரல் எதிர்க்கரை மலையில் பட்டுத் திரும்பி வந்தது. "நகர்ந்த கல்லு! நான் சொன்னேன்ல? இப்ப ஓடைக்கரையில தோண்டுங்க. அங்கதான் இருக்கு."

ஓடைக்கரையில் மூன்று இடத்தில் தோண்டினோம். வேர், களிமண், தண்ணீர். ஒன்றுமில்லை. ரெய்டுன் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நான் அஸ்லாக்கின் முன்னால் போய் நின்றேன். "சாட்சியை எடுத்து எங்கே போட்டே? ஃபியோர்டுலயா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. சுன்னிவாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் கொட்டகை மேட்டுக்கு அடியில," என்றான். "கீழ்க்கோடியில. அந்த ரோவன் மரத்துக்கு ரெண்டு அடி இந்தப் பக்கம்."

எங்கள் கொட்டகையின் மேல்தளத்துக்கு வைக்கோல் வண்டி ஏறுவதற்காக ஒரு மண்மேடு உண்டு. கல்லிலிருந்து ஆறு மீட்டர் உள்ளே, என் பக்கம். என் அப்பா எண்ட்ரே எனக்கு ஆறு வயது இருக்கும்போது கொட்டகையோடு சேர்த்துக் கட்டிய மேடு.

"நக்கலா?" என்றேன்.

"இல்ல."

அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனேன். முழங்கால் வலி ஞாபகமே இல்லை. நானே தோண்டினேன். ஒரு முழம் போனதும் மண்வெட்டி கணீரென்றது. கரித்துண்டுகளுக்கு நடுவே, செங்குத்தாக நிறுத்தி வைத்த மூன்று கறுப்புப் பலகைத் துண்டுகள். ஈரப்புல்லில் உட்கார்ந்து அவற்றை மடியில் வைத்துப் பொருத்தினேன். பொருந்தாது, பொருந்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டே விளிம்புகளைத் திருப்பித் திருப்பி வைத்தேன். பொருந்தின. நடுவில் ஒரு நகம்கூட நுழையவில்லை.

அப்போதுதான் அந்தச் சறுக்குவண்டி ஞாபகம் வந்தது. ஞாபகம் என்றால் மறந்து போயிருந்தது என்று அர்த்தமில்லை. என் குழந்தைப் பருவத்தின் மிக நல்ல நாள் என்று அதை வைத்திருந்தேன். என் அப்பா விளையாடத் தெரியாத மனிதர். ஒரே ஒருநாள், குதிரையைக் கல் இழுக்கும் சறுக்குவண்டியில் பூட்டி, பெரிய கல் ஒன்றைக் கட்டி, அதன் மேல் என்னை உட்கார வைத்து வயலில் கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டு போனார். நான் கெக்கலித்துச் சிரித்தேன். போய்ச் சேர்ந்ததும் பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டி எடுத்துக் கொடுத்தார். "அம்மாகிட்ட சொல்லாதே" என்றார். சர்க்கரையைத்தான் சொல்கிறார் என்று ஐம்பத்தேழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்லை நகர்த்தியவனைத் தேடினேன். அந்தக் கல்லின் மேலேயே நான் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எங்கப்பா ஜன்னல்ல நின்னு பார்த்தாரு," என்றான் அஸ்லாக். "கொட்டகை அதுக்குள்ள கட்டி முடிஞ்சிருச்சு. மேடு எல்லையைத் தாண்டி வந்துட்டதை உங்கப்பா கடைசியிலதான் கவனிச்சிருக்காரு. கொட்டகையை ரம்பம் போட்டு அறுக்கவா முடியும்? கல்லை மாத்திட்டாரு."

"உங்கப்பா ஏன் கேக்கலை?"

"கேட்டு? அவரு நேத்து வந்தவரு. பேரே வாங்கின பேரு. ஏழு தலைமுறைக்காரன் மேல புகார் சொன்னா ஊர்ல யார் அவர் பக்கம் பேசியிருப்பா? நீயே சொல்லு."

நான் பேசியிருக்க மாட்டேன்.

"அந்தக் கடப்பாரை?"

"அவசரத்துல நட்ட கல்லு, ஆழம் கிடையாது. ஒவ்வொரு குளிர்காலமும் உறைபனி அதைச் சாய்ச்சுடும். விழுந்தா யாராவது திரும்ப நடணும்னு தோண்டுவாங்க, சாட்சி இல்லைன்னு தெரிஞ்சு போயிடும். அதனால வசந்தத்துல போய் நிமிர்த்தி வைப்பேன். அப்பா செஞ்சாரு, அப்புறம் நான் செய்யறேன். முப்பது வருஷமாச்சு."

"இத்தனை வருஷம் என்கிட்ட ஏன் சொல்லலை?"

"உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு அது பிடிச்சிருந்தது. வாங்கின பேரு, வாங்கின பேருன்னு நீ சொல்ற ஒவ்வொரு தடவையும், உங்கப்பன் கொட்டகை என் நிலத்துல நிக்குதுடீன்னு மனசுக்குள்ள சொல்லிப்பேன். அன்னிக்கு நல்லா தூக்கம் வரும்."

சுன்னிவா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். நகராட்சிப் படிவம். எல்லைக்கு நான்கு மீட்டருக்குள் வீடு கட்ட அயலார் சம்மதம். கீழே அஸ்லாக் டேல்டோ என்ற கையெழுத்து. எனக்கு அப்போதும் பழைய புத்தி போகவில்லை, கண் முதலில் தேதியைத்தான் தேடியது. அவள் அங்கே காபி குடித்த நாள்.

"கேட்டவுடனே போட்டுக் குடுத்துட்டாரும்மா," என்றாள். "அம்மா தோண்டாம இருந்தா போதும்னு மட்டும் சொன்னாரு. ஏன்னும் சொன்னாரு. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. அது உங்கப்பா ஆச்சேம்மா."

அந்தக் காகிதம் இனிச் செல்லாது. அதில் கல்லிலிருந்து இரண்டு மீட்டர் என்று எழுதியிருந்தது. இப்போது எல்லை இங்கே, ரோவன் மரத்தடியில். என் மகள் வரைந்த வீட்டில் பாதி அஸ்லாக்கின் நிலத்தில் நின்றது. நானே கத்தி, நானே கூட்டி, நானே தோண்டி எடுத்த எல்லை.

ரெய்டுன் தொண்டையைச் செருமினாள். "நான் என்ன எழுதறதுன்னு ரெண்டு பேரும் சொல்லணும். சாட்சி இங்கே இருக்கு. ஆனா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா எல்லையை இப்ப கல் இருக்கிற இடத்துலயே வச்சுக்கலாம். அப்படின்னா அந்த ஆறு மீட்டர் இவர் விட்டுக் குடுக்கிறது."

"குன்வோர் சொல்லட்டும்," என்றான் அஸ்லாக். "அவ சொல்றதுல நான் கையெழுத்துப் போடறேன்."

எடுத்த இடத்தில் வை. அந்த மூன்று சொல் என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் எனக்கு மரியாதை, அப்பாவுக்கு விடுதலை, ஊரில் நல்ல பெயர். சுன்னிவா பேர்கனிலேயே வீடு வாங்கிக்கொள்வாள். அவள் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் நல்லவளாக இருப்பதற்கு அவள் விலை கொடுக்க வேண்டுமா? முடியாது என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் முடியாது.

"கல்லு இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்," என்றேன். பிறகு என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடம் ஒன்றைக் கேட்டேன். "தருவியா, அஸ்லாக்?"

அவன் நீளமாக மூச்சு விட்டான்.

"தர்றேன். ஆனா ஒண்ணு. என்னைத் திருடன்னு எந்த மேஜையில சொன்னியோ, அந்த மேஜையிலயே போய் இதைச் சொல்லணும். காபி நேரத்துல. எல்லாரும் இருக்கும்போது."

கையெழுத்துப் போட்டோம். ஒரே பெயர் இரண்டு தடவை, ஒன்றன் கீழ் ஒன்றாக. சாட்சிக்கற்களை எடுத்த குழியிலேயே திரும்ப வைத்து மூடினேன். புது இடத்தில் வைத்து அவற்றையும் பொய் சொல்ல வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை கூட்டுறவுக் கடைக்குப் போனேன். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். லைஃப் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்னாச்சு குன்வோர்? தோண்டினீங்களாமே? பேய் யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது," என்றேன். "எங்கப்பா."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அஸ்லாக் அலமாரிப் பக்கம் நின்றிருந்தான். ஒரு ரொட்டியை எடுத்து அமுக்கிப் பார்த்தான், கல்லாவில் காசைக் கொடுத்தான், என்னைத் தாண்டி வெளியே போனான். வெற்றி பெற்ற முகம் என்று ஏதாவது தெரிகிறதா என்று நான் உற்றுப் பார்த்தேன். பழக்க தோஷம்.

வீடு கட்டியாகிவிட்டது. சுன்னிவாவின் குழந்தைகள் ஆட்டுக்குட்டிகளுக்குப் பெயர் வைத்து என் கணக்கை எல்லாம் குழப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டு மலருக்குத் திருத்தம் அனுப்பினேன். டேல்டோ என்ற பெயர் ரத்தத்திலும் வரும், பத்திரத்திலும் வரும், அதில் உயர்வு தாழ்வு கிடையாது என்று ஒரே ஒரு வரி. ஆசிரியர் அதை அறுபதாம் பக்கத்தில், முட்டை விளம்பரத்துக்குக் கீழே போட்டார்.

இந்த ஏப்ரலில் உறைபனி விலகியதும் கல் மறுபடி சாய்ந்திருந்தது. எல்லை இப்போது எண்களாகக் கணினியில் இருக்கிறது, கல் விழுந்தாலும் ஒன்றுமில்லை என்று ரெய்டுன் சொல்லியிருந்தாள். இருந்தாலும் ஜன்னலில் நின்று அஸ்லாக் வருகிறானா என்று பார்த்தேன். ஒரு வாரம் வரவில்லை. இரண்டு வாரம் வரவில்லை. ஏன் வரவில்லை, மனசு மாறிவிட்டானா, கொடுத்ததைத் திரும்பக் கேட்கப் போகிறானா என்று என் புத்தி பழைய தடத்தில் ஓட ஆரம்பித்தது. மூன்றாவது வாரம்தான் புரிந்தது. அது அவன் வேலை இல்லை. ஒருநாளும் அவன் வேலையாக இருந்திருக்கக் கூடாது.

கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். கல்லின் அடியில் செருகினேன். அழுத்துவதற்கு முன் ஒரு தடவை அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் காபிக் கோப்பையோடு நின்றிருந்தான். கையசைக்கவில்லை, உதவிக்கும் வரவில்லை. உடம்பின் முழு எடையையும் போட்டேன். முழங்கால் கதறியது. கல் நிமிர்ந்தது.

அதன் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"இங்கேயே வைங்கப்பா," என்றேன். "கொடுத்துட்டான்."